ஹேர் ஜெல்லில் உள்ள பிவிபி: ஆடியில் பிசுபிசுப்பு, மார்கழியில் வெள்ளைத் தூள், நுரையீரல் பயம்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் பார்லர் வைத்திருக்கிறேன். ஹேர் ஜெல், செட்டிங் ஸ்ப்ரே இரண்டின் லேபிளிலும் பிவிபி என்று போட்டிருக்கிறது. ஆனி, ஆடியில் ஜெல் போட்ட முடி பிசுபிசுவென்று ஒட்டுகிறது. அதே ஜெல் மார்கழியில் வெள்ளையாக உதிர்கிறது, கஸ்டமர்கள் பொடுகு என்று பயப்படுகிறார்கள். ஒருவர், இது பிளாஸ்டிக், மூச்சில் போனால் கேன்சர் வரும் என்றார். எது உண்மை? ஜெல்லை நானே தயாரிக்கலாமா?

பதில்:

அக்கா, நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் முடிச்சு இருக்கிறது. பிவிபி தண்ணீரை விடாமல் இழுக்கும் பொருள். காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறதோ, அதற்கேற்ப அதன் குணம் மாறும். பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் இருக்கும் உங்கள் ஊரில் இது மற்ற ஊர்களைவிட நன்றாகவே தெரியும். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் சுவரே வியர்க்கும். மார்கழி, தை மாதங்களில் கிழக்கேயிருந்து வீசும் வறண்ட காற்றில் உதடு வெடிக்கும். ஜெல் கம்பெனி இரண்டு பருவத்துக்கும் ஒரே டப்பாவைத்தான் விற்கிறது.

பிவிபி என்றால் பாலிவினைல்பைரோலிடோன். வினைல்பைரோலிடோன் என்ற சிறு மூலக்கூறுகளை நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் சங்கிலியாகக் கோத்தால் கிடைப்பது. 1930களின் இறுதியில் ஜெர்மனியில் வால்டர் ரெப்பே குழுவினர் உருவாக்கினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரத்தம் இழந்தவர்களுக்கு பிளாஸ்மாவுக்குப் பதிலாக இதை ஏற்றினார்கள். 1950களில் ஹேர் ஸ்ப்ரேக்குள் வந்தது. அதற்கு முன்பு ஸ்ப்ரேயில் இருந்தது அரக்கு. முடியை நன்றாகப் பிடிக்கும், ஆனால் வெறும் தண்ணீரில் போகாது. பிவிபி தண்ணீரிலும் கரையும், ஆல்கஹாலிலும் கரையும், ஒரு அலசலில் போய்விடும். அதனால்தான் அது ஜெயித்தது. மெடிக்கலில் இதே பொருளின் பெயர் போவிடோன். மாத்திரை உடையாமல் இருக்கப் போடுகிறார்கள், கண் வறட்சிக்கான சில சொட்டு மருந்துகளில் இருக்கிறது, புண்ணுக்குப் போடும் போவிடோன் அயோடினில் அயோடினைப் பிடித்து வைத்திருப்பதும் இதுதான். இரண்டும் வினைல் சங்கிலிகள் என்பதைத் தவிர பிவிசி குழாய்க்கும் இதற்கும் வேறு உறவு கிடையாது.

தூள் வாங்கும்போது கே-30, கே-90 என்று கேட்பார்கள். சங்கிலியின் நீளத்தைக் காட்டும் எண் அது. கே-30-இன் சராசரி மூலக்கூறு எடை ஏறத்தாழ 40,000 முதல் 60,000 வரை. கே-90 பத்து லட்சத்தைத் தாண்டும். நீளம் கூடினால் கரைசல் கெட்டியாகும், படலம் உறுதியாகும், பிடிப்பும் விறைப்பும் கூடும்.

முடியில் நடப்பது இதுதான். ஜெல்லைத் தடவியதும் தண்ணீர் முடிக்கும் முடிக்கும் இடையே ஊறி, பக்கத்துப் பக்கத்து இழைகளை ஒன்றாக இழுக்கிறது. தண்ணீர் ஆவியாக ஆவியாக, கரைந்திருந்த பிவிபி இழைகள் தொடும் இடங்களிலும் குறுக்கே கடக்கும் இடங்களிலும் ஒதுங்கிச் சேர்ந்து, கண்ணாடி போன்ற மெல்லிய பாலமாக உறைகிறது. பிவிபி மூலக்கூறில் உள்ள ஆக்சிஜன், முடியின் கெராட்டின் புரதத்தோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்வதால் பிடி கிடைக்கிறது. முடிக்குள்ளே போய் எதையும் மாற்றுவதில்லை. வேலை முழுக்க வெளியேதான். கஸ்டமர் ஜெல் காயும் முன் சீப்பு போட்டால் பாலங்கள் சரியான இடத்தில் அமையும். காய்ந்த பிறகு சீப்பு போட்டால் பாலங்கள் உடையும், அந்த உடைசல்தான் தோளில் விழும் வெள்ளைத் தூள்.

இனி ஈரத்துக்கு வருவோம். எலும்பாகக் காய்ந்த கே-30 படலம் 160 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால்தான் இளகும். அதே படலத்தில் கால்பங்கு தண்ணீர் சேர்ந்துவிட்டால், இளகும் வெப்பநிலை நம் அறை வெப்பத்துக்கே இறங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொடும்போது பிவிபி தன் எடையில் 40 சதவீதம் வரை தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆடி மாதத்தில் உங்கள் பார்லரில் நடப்பது இதுதான். படலம் கெட்டுப்போகவில்லை, இளகி பசையாகிவிட்டது. கொண்டை தளர்கிறது, கை வைத்தால் ஒட்டுகிறது, பைக்கில் வந்தால் தூசியும் சேர்கிறது. மார்கழியில் நேர்மாறு. ஈரம் இறங்கியதும் படலம் முழுக்க விறைத்து, வளைய முடியாமல் நொறுங்குகிறது. கிளிசரின் ஒரு துளிகூட இல்லாத மலிவான ஜெல்லில் இது இன்னும் மோசம்.

பொடுகா, ஜெல்லா என்று கஸ்டமர் முன்னாலேயே நிரூபித்துவிடலாம். உதிர்ந்த தூளைக் கருப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்றில் போட்டு ஒரு சொட்டு தண்ணீர் விடுங்கள். ஜெல் படலம் என்றால் ஒன்றிரண்டு நிமிடத்தில் வெள்ளை நிறம் மறைந்து வழவழப்பாகும், விரலில் தொட்டுக் காய விட்டால் ஒட்டும். பொடுகு என்பது செத்த தோல் செதில். நனையும், ஆனால் கரையாமல் அப்படியே கிடக்கும்.

தீர்வு பருவத்தைப் பொறுத்தது. மழைக்காலத்துக்கு வெறும் பிவிபி ஜெல் வேண்டாம். லேபிளில் விபி/விஏ கோபாலிமர் அல்லது பிவிபி/விஏ என்று இருப்பதை வாங்குங்கள். அது வினைல்பைரோலிடோனோடு வினைல் அசிடேட்டைக் கலந்து கோத்த சங்கிலி. 60க்கு 40 என்ற விகிதம் பரவலாகக் கிடைக்கிறது. வினைல் அசிடேட் பகுதிக்குத் தண்ணீர் மேல் அவ்வளவு ஆசை கிடையாது, அதனால் ஈரத்தை வெகுவாகக் குறைத்தே இழுக்கும், பிசுபிசுப்பும் குறையும். வறண்ட காலத்தில் சாதா பிவிபி ஜெல்லே போதும், ஒரு சதவீதம் அளவில் கிளிசரின் அல்லது பாந்தெனால் இருக்கிறதா என்று பாருங்கள். இவை படலத்துக்குக் கொஞ்சம் வளைவு தரும். ஆனால் கிளிசரின் அதிகமுள்ள ஜெல்லை ஆடிக்கு எடுத்து வைக்காதீர்கள், அதுவும் ஈரத்தை இழுக்கும். இரண்டு இழுப்பான் சேர்ந்தால் கொண்டை நிற்காது.

இன்னொன்று தேங்காய் எண்ணெய். ராத்திரி எண்ணெய் வைத்து, காலையில் லேசாக அலசிவிட்டு கல்யாண அலங்காரத்துக்கு வருபவர்கள் நம் பக்கம் அதிகம். எண்ணெய்ப் படலத்தின் மேல் தண்ணீர் ஜெல் பரவாது, முத்து முத்தாக நிற்கும், காய்ந்தால் முடியைப் பிடிக்காமல் செதிலாக உரியும். எந்த ஜெல் வாங்கினாலும் இதற்கு மருந்து கிடையாது. ஷாம்பு போட்டு அலசி, கண்டிஷனரை நுனியோடு நிறுத்திவிட்டு ஜெல் போடுங்கள்.

புது ஜெல் வாங்கினால் மழைக்காலத்தில் எப்படி இருக்கும் என்பதை மார்கழியிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. இறுக மூடும் டிபன் டப்பாவின் அடியில் ஒரு கிண்ணம் வையுங்கள். அதில் கல்லுப்பைப் போட்டு, உப்பு முழுக்கக் கரையாத அளவுக்குத் தண்ணீர் தெளித்து, ஈர மணல் பதத்தில் வையுங்கள். மூடிய டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் தானாக நிலைக்கும். உப்பின் இந்தக் குணத்தை ஆய்வகங்களிலும் பயன்படுத்துகிறார்கள். ஒரு கண்ணாடித் துண்டில் ஜெல்லை மெல்லிசாகத் தடவி, ஒரு ராத்திரி வெளியே காய விட்டு, மறுநாள் கிண்ணத்தில் படாமல் டப்பாவுக்குள் வையுங்கள். ஒரு நாள் கழித்து எடுத்தவுடன் விரலால் அழுத்துங்கள். ரேகை பதிந்து, விரல் இழுபட்டு வந்தால் அது ஆடிக்கு ஆகாது. கையில் ஒட்டாமல் லேசாக மட்டும் இளகியிருந்தால் வாங்கலாம். சவுரி முடிச் சுருள் ஒன்றில் ஜெல் போட்டு அதையும் கூடவே தொங்கவிட்டால், சுருள் எவ்வளவு நீண்டு தொங்குகிறது என்பதும் தெரியும்.

இனி தயாரிப்பு. 100 கிராம் ஜெல்லுக்கு அளவு சொல்கிறேன். டிஸ்டில்டு வாட்டர் 94 கிராம் சுமாராக, கார்போமர் (ஜெல்லைக் கெட்டியாக்கும் தூள்) 0.5 கிராம், பிவிபி கே-30 தூள் 2.5 கிராம், கிளிசரின் 0.5 கிராம், டைசோடியம் இடிடிஏ (தண்ணீரிலுள்ள கால்சியத்தைப் பிடித்து வைப்பது) 0.05 கிராம், டிரைஎத்தனாலமைன் (கார்போமரின் அமிலத்தை நடுநிலையாக்கும் காரம்) 0.5 முதல் 0.7 கிராம், பாலிசார்பேட் 20 (வாசனை எண்ணெயைத் தண்ணீரில் கலக்க வைப்பது) அரை கிராம், வாசனை 0.1 கிராம், பினாக்சிஎத்தனால் (கெடாமல் காக்கும் பிரிசர்வேடிவ்) 0.9 கிராம். இவ்வளவு சின்ன எடைகளுக்கு 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். சமையல் தராசில் நிறுத்தால் பிரிசர்வேடிவ் இரண்டு மடங்காகலாம், அல்லது இல்லாமலே போகலாம். பினாக்சிஎத்தனாலுக்கு 1 சதவீதம்தான் உச்ச வரம்பு.

தண்ணீரில் சிக்கனம் பார்க்காதீர்கள். உங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்கே போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். அதிலுள்ள கால்சியம் கார்போமரின் விரிந்த சங்கிலியைச் சுருக்கிவிடும், ஜெல் கஞ்சியாக ஓடும். ஆர்ஓ தண்ணீரும் ஃபில்டர் பழசானால் இதே கதைதான்.

60 கிராம் தண்ணீரில் இடிடிஏவைக் கரைத்து, மேலே கார்போமரை டீ வடிகட்டியால் தூவி, கிளறாமல் விடுங்கள். ராத்திரி முழுக்க ஊறினால் கட்டி தட்டாது. வேறொரு பாத்திரத்தில் மீதி 34 கிராம் தண்ணீரைக் கிளறிக்கொண்டே பிவிபியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் வெளியே பசையும் உள்ளே உலர்ந்த தூளுமாக உருண்டைகள் மிதக்கும், அவை கரைய மணிக்கணக்காகும். பிறகு ஊறிய கார்போமரில் டிரைஎத்தனாலமைனைச் சொட்டுச் சொட்டாக விட்டு மெதுவாகக் கிளறுங்கள். பிஎச் தாளில் 7-ஐ ஒட்டி வந்ததும் ஜெல் கெட்டியாகித் தெளியும். அதன்பிறகுதான் பிவிபி கரைசல் உள்ளே போக வேண்டும்.

இந்த வரிசையில்தான் முதல்முறை செய்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுகிறார்கள். நடுநிலையாக்காத கார்போமர் ஒரு அமிலம். அதன் அமிலப் பகுதிகள் பிவிபியைக் கண்டால் ஹைட்ரஜன் பிணைப்பில் இறுகப் பிடித்துக்கொண்டு, இரண்டுமாக வெள்ளைத் திரியாகத் திரிந்து பாத்திரத்தின் அடியில் உட்காரும். அதன்பிறகு டிரைஎத்தனாலமைன் விட்டால் கொஞ்சம் மீளும், ஆனால் கண்ணாடித் தெளிவு வராது. முதலில் நடுநிலையாக்கிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. லேசான மங்கல் இருந்தால் பரவாயில்லை.

கடைசியாக கிளிசரினையும் பினாக்சிஎத்தனாலையும் சேருங்கள். வாசனை எண்ணெயை முதலில் பாலிசார்பேட்டில் நன்றாகக் குழைத்து, அதன்பின் ஜெல்லில் விடுங்கள். நேராக விட்டால் ஜெல் பால் போல வெளுக்கும். மிக்ஸியைத் தொட வேண்டாம். ஜெல்லுக்குள் போன காற்றுக் குமிழி மேலே வராது, வேகமான பிளேடு கார்போமர் சங்கிலியையும் அறுத்துவிடும். வெயில் படும் அலமாரியில் கண்ணாடி பாட்டிலில் வைத்தாலும் சில வாரங்களில் ஜெல் இளகும். ஒளி ஊடுருவாத டப்பாவே நல்லது.

பினாக்சிஎத்தனாலுக்குப் பதில் பாராபென் போடலாமா என்று யோசித்தால், ஒன்றை நினைவில் வையுங்கள். பிவிபி அயோடினைப் பிடித்து வைப்பது போலவே பாராபென் சேர்ந்த ஃபீனால் வகைகளையும் ஓரளவு பிடித்துக்கொள்ளும், பாலிசார்பேட் இன்னும் அதிகமாகப் பிடிக்கும். லேபிள்படி பாராபென் இருக்கும், பூஞ்சையோடு சண்டை போட அது கைவசம் இருக்காது. ‘இயற்கை’ என்ற ஆசையில் பிரிசர்வேடிவே இல்லாமல் செய்தால், 94 சதவீதம் தண்ணீர் உள்ள பொருள் நம் ஊர் வெப்பத்தில் கெட அதிக நாள் பிடிக்காது. ஆளிவிதை ஜெல்லுக்கும் இதே விதிதான். அதை ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

பிவிபி தூளை வாங்கினால் சின்ன பாக்கெட்டாக வாங்குங்கள். மழைக்காலத்தில் திறந்து வைத்த பை செங்கல்லாக இறுகும். அதைவிட முக்கியம், இறுகிய தூளின் எடையில் ஒரு பங்கு தண்ணீர் என்பது தராசுக்குத் தெரியாது. மஞ்சளாகிவிட்ட தூளையும் விட்டுவிடுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் பிவிபி நல்லதா கெட்டதா என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையான பதில்தான் கிடைக்கும். அது உடம்புக்குள் எந்த வழியாகப் போகிறது என்று கேட்க வேண்டும்.

தோல் வழியாக: இவ்வளவு நீளச் சங்கிலி முழுத்தோலைத் தாண்டி உள்ளே போகாது. அமெரிக்காவின் ஒப்பனைப் பொருள் ஆய்வுக் குழு 1998-இல், தற்போதைய பயன்பாட்டில் பாதுகாப்பானது என்று முடிவு சொன்னது. பிவிபிக்கே ஒவ்வாமை வருவது உண்டு, ஆனால் அரிது. ஜெல் போட்டபின் நெற்றி ஓரம் அரித்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வாசனை, பிரிசர்வேடிவ், அதற்கு முன் போட்ட ஹேர் டை. முழங்கை மடிப்பில் தடவி 48 மணி நேரம் பார்த்தபின் கல்யாணப் பெண்ணுக்குப் போடுங்கள், கல்யாண நாளன்று முதல்முறையாக வேண்டாம். பொட்டு வைத்த இடம் வெளுக்கிறது என்பதையும் சிலர் பிவிபி கணக்கில் எழுதுகிறார்கள். அது வேறு. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் இருக்கக்கூடிய பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் நிறமிச் செல்களைக் கெடுப்பதால் வருவது.

ஊசி வழியாக: பிளாஸ்மா மாற்றாகவும் ஊசி மருந்துகளிலும் பெரிய மூலக்கூறுள்ள பிவிபியைத் திரும்பத் திரும்ப ஏற்றிய காலத்தில், சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாமல் அது திசுக்களில் தங்கிய நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். இணையத்தில் சுற்றும் பயமுறுத்தல்களில் சில இந்தக் கட்டுரைகளைக் காட்டித்தான் ஜெல்லைக் குற்றம் சொல்கின்றன. தலையில் தடவுவதற்கும் நரம்பில் ஏற்றுவதற்கும் உள்ள தூரம் அவர்களுக்குத் தெரியவில்லை.

மூச்சு வழியாக: இங்கேதான் உங்கள் கஸ்டமர் சொன்னதில் கொஞ்சம் சாரம் உண்டு. 1950களின் இறுதியில், ஹேர் ஸ்ப்ரே அதிகம் பயன்படுத்திய சிலருடைய நுரையீரலில் படிவுகள் இருந்ததாக மருத்துவர்கள் எழுதினார்கள். பிந்தைய ஆய்வுகள் பிவிபிதான் காரணம் என்று உறுதி செய்யவில்லை. இருந்தாலும் நுண்துளியை இழுப்பது நுரையீரலுக்கு நல்லதல்ல என்பதில் வாதம் கிடையாது. 10 மைக்ரானுக்குக் குறைந்த துளிகள்தான் ஆழமாகப் போகும். கையால் அழுத்தும் பம்ப் ஸ்ப்ரேயின் துளிகள் பெரியவை, மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். கேஸ் அடைத்த டின்னில் நுண்துளியின் பங்கு கூடுதல். கஸ்டமர் ஒரு நாள் இழுக்கிறார், அக்கா, நீங்கள் சீசன் முழுக்க இழுக்கிறீர்கள். ஏசிக்காக ஜன்னல் அடைத்த சின்ன அறை என்றால் எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, சிறுசிறு அடியாக அடியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஜெல்லோடு நிறுத்துங்கள். தூளை நிறுக்கும்போது மாஸ்க் போடுங்கள்.

கேன்சர் பேச்சு வந்த இடம் பிவிபி அல்ல, கோக்கப்படாமல் எஞ்சும் வினைல்பைரோலிடோன். எலிகளை அதன் ஆவியில் நீண்ட நாள் வைத்தபோது கல்லீரலில் கட்டிகள் வந்தன. ஐரோப்பா அதைப் புற்றுநோய் ஏற்படுத்தக்கூடும் என்ற சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கிறது. மருந்துத் தரமுள்ள போவிடோனில் அது பத்து லட்சத்தில் 10 பங்கைத் தாண்டக்கூடாது. மேலே சொன்ன அளவில் 5 கிராம் ஜெல் தடவினால் தலையில் விழும் பிவிபி 125 மில்லிகிராம். மருந்துத் தரத்தில் அதில் எஞ்சியிருக்கக்கூடியது அதிகபட்சம் 1.25 மைக்ரோகிராம், ஒரு மில்லிகிராமில் 800-இல் ஒரு பங்கு. அழகுசாதனத் தரமென்று விற்பதில் இந்த வரம்பு தளர்வாக இருக்கலாம். அதனால் விலை கொஞ்சம் கூடினாலும் மருந்துத் தரத்தையே வாங்குங்கள். விற்பவரிடம் அந்த பேட்ச்சின் பகுப்பாய்வுச் சான்றிதழைக் கேட்டு, எஞ்சிய வினைல்பைரோலிடோன் எவ்வளவு என்ற வரியைப் பாருங்கள். அந்த வரியே இல்லாத சான்றிதழ் வெறும் தாள்.

ஸ்ப்ரேயில் உண்மையிலேயே ஆளைச் சாய்க்கக்கூடியது தீ. டின்னுக்குள் ஆல்கஹாலும் எல்பிஜி போன்ற எரிவாயுவும் இருக்கும். மண்டபத்து அறையில் நிலவிளக்கோ சாம்பிராணியோ எரியும்போது, அல்லது சூடான கர்லிங் ராடு பக்கத்தில் இருக்கும்போது அடிக்காதீர்கள். அடித்த முடி காயாமல் ராடு வைப்பதும் தவறு.

பிளாஸ்டிக் என்பது பாதி சரி. செயற்கைப் பாலிமர்தான், மண்ணில் சீக்கிரம் சிதையாது. ஆனால் தண்ணீரில் முழுக்கக் கரைவதால் திடத்துகளாக மிதக்கும் மைக்ரோபிளாஸ்டிக் வகையில் சேராது. ஐரோப்பாவின் 2023 மைக்ரோபிளாஸ்டிக் தடையும் லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் கரையும் பாலிமர்களை விலக்கியிருக்கிறது.

செய்த ஜெல்லை லேபிள் ஒட்டி விற்க வேண்டும் என்றால் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி உற்பத்தி உரிமம் வேண்டும். விண்ணப்பம் சிஓஎஸ்-5 படிவம், உரிமம் சிஓஎஸ்-8. உரிமம் தயாரிக்கும் கட்டடத்துக்குத்தான். கொழிஞ்சாம்பாறையில் செய்தால் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடமும், பொள்ளாச்சிப் பக்கம் ஷெட் போட்டால் தமிழ்நாட்டுத் துறையிடமும் போக வேண்டும். வீட்டு அடுப்படிக்குக் கிடைக்காது.

வாங்கி மட்டும் பயன்படுத்துவதென்றால் லேபிளை இப்படிப் படியுங்கள். 1 சதவீதத்துக்கு மேலுள்ள பொருட்களை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும், அதற்குக் கீழுள்ளவற்றை எப்படியும் எழுதலாம். பினாக்சிஎத்தனால் 1 சதவீதத்தைத் தாண்டாது என்பதால் அதையே எல்லைக்கல்லாக வைத்துக்கொள்ளலாம். பிவிபி அதற்குப் பின்னால் நின்றால், டப்பாவின் முன்பக்கம் எவ்வளவு பெரிய எழுத்தில் ‘எக்ஸ்ட்ரா ஸ்ட்ராங்’ என்று அச்சடித்திருந்தாலும் பிவிபி ஒரு சதவீதத்தைத் தாண்டியிருக்காது. வேறு எந்தப் படலப் பொருளும் முன்வரிசையில் இல்லையென்றால் அந்தக் கொண்டை முகூர்த்தம் வரை தாங்காது.